வாசகர் கேள்வி–பதில்: ஏழு மணிக்கு ஒரு நாற்காலி

குடியை நிறுத்த உதவும் குழுக்களைப் பற்றி பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். பாதிப் பேர் பெயர் எழுதவில்லை. எழுதியவர்களின் பெயரையும் நாங்கள் எடுத்துவிட்டோம்.

எனக்கு 46 வயது. குடியை விடுவதென்று நானே முடிவெடுத்துவிட்டேன். ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். எங்கே நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது? கன்னடம் பேசுவேன். ஆனால் மனசில் இருப்பது தமிழில்தான் வரும். – வாசகர், மர்ஃபி டவுன்

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற குழு அது. டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது, கட்டணமும் கிடையாது.

கூகுளில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் ஏ.ஏ. அல்ல, விளம்பரம் கொடுத்த தனியார் மறுவாழ்வு இல்லங்கள். போனை எடுத்தவர் "பேஷன்ட் எங்கே இருக்கார், வண்டி அனுப்பட்டுமா, அட்வான்ஸ் எவ்வளவு கட்டுவீங்க" என்று ஆரம்பித்தால் வைத்துவிடுங்கள். ஏ.ஏ. இந்தியாவின் சொந்த இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியலும் தொடர்பு எண்களும் இருக்கின்றன. இணையம் சரிப்படாது என்றால் நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ் போன்ற மருத்துவமனைகளில் மனநலப் பிரிவின் சமூகப் பணியாளரைக் கேளுங்கள். எந்தக் கிழமை எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும், போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய எண்ணிலும் வழி கேட்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

பட்டியலைப் பார்த்து நேரே கிளம்பிவிடாதீர்கள். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பட்டியல் பழையதாக இருக்கும், பள்ளித் தேர்வு வந்து வகுப்பறையை மாற்றியிருப்பார்கள், பெரிய கேட் பூட்டிச் சின்ன கேட் மட்டும் திறந்திருக்கும். இருட்டில் பத்து நிமிஷம் தேடிய மனிதர் "இது நமக்கு எழுதி வைக்கலை" என்று திரும்பிவிடுவார். திரும்பும் வழியில் பார் இருக்கும். அதனால் அன்று மத்தியானமே போன் போட்டுக் கேளுங்கள்: இன்றைக்குக் கூட்டம் உண்டா, எந்த மொழியில், எந்த கேட், எந்த அறை, வாசலில் யாராவது நிற்பார்களா? புதிதாக வருகிறேன் என்று சொன்னால் ஒருவர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து வாசலில் நிற்பார். அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். அவரும் ஒருநாள் அப்படிக் கேட்டு வந்தவர்தான்.

சர்ச் வளாகம், பள்ளி வகுப்பறை, சமுதாயக் கூடம் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் நடக்கும். பெரிய போர்டு இருக்காது. வட்டத்துக்குள் முக்கோணம் போட்ட சின்ன அட்டை தொங்கினால் அதுதான்.

மொழியைப் பொறுத்தவரை உங்கள் எண்ணம் சரி. பெங்களூரில் ஆங்கிலக் கூட்டம் உண்டு, கன்னடம் உண்டு, தமிழ் உண்டு, கலந்து நடப்பதும் உண்டு. தமிழ்க் கூட்டம் வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கிறது என்றால், மற்ற நாட்களில் கன்னடக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். கேட்பதற்கு அந்தக் கன்னடம் போதும். பேசும்போது தமிழில் பேசினால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

எந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எங்கள் யோசனை ஒன்றுதான்: நீங்கள் வழக்கமாக முதல் ரவுண்டு ஆரம்பிக்கிற நேரத்தில் நடக்கும் கூட்டம். ஆறரை மணிக்குக் கை பரபரக்கிறவருக்கு ஞாயிறு காலைக் கூட்டம் நல்லதுதான், ஆனால் அது ஆறரை மணியைக் காப்பாற்றாது.

உள்ளே என்ன நடக்கும்? எல்லோர் முன்னாலும் எழுந்து பேசச் சொல்வார்களா? எங்கள் தெருக்காரர் யாராவது இருந்தால் மானம் போய்விடுமே. – பெயர் இல்லை, ஸ்ரீராமபுரம்

ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். நாற்காலிகளை வட்டமாகவோ வரிசையாகவோ போட்டிருப்பார்கள். அன்றைய கூட்டத்தை நடத்துகிறவர் ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிப்பார். சிறிது நேரம் மௌனம், ஒரு சின்னப் பிரார்த்தனை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் ஒன்றையோ ஏ.ஏ. புத்தகத்தில் ஒரு பக்கத்தையோ வாசிப்பார்கள். அதன் பிறகு பகிர்வு. ஒவ்வொருவரும் "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கிச் சில நிமிஷம் பேசுவார். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவதோ அவருக்குப் புத்தி சொல்வதோ கிடையாது. வெளியிலிருந்து வருகிறவருக்கு முதலில் வியப்பாக இருப்பது இதுதான். நம் வீடுகளில் குடிக்கிறவருக்குப் புத்தி சொல்லாத ஆளை எங்கே பார்த்திருக்கிறோம்?

உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேக்க வந்திருக்கேன்" என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். முழுப்பெயர், சாதி, வேலை, முகவரி எதுவும் கேட்பதில்லை. வருகைப் பதிவேடு கிடையாது. குழுக்கள் நடக்கவேண்டிய முறைகளை மரபுகள் என்கிறார்கள். அதில் மூன்றாவது மரபு: குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினர் ஆவதற்கான தகுதி. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. குடித்துவிட்டு வந்தாலும் சத்தம் போடாதவரை பெரும்பாலும் உட்கார விடுவார்கள், பேச மட்டும் விடமாட்டார்கள்.

முடியும் நேரத்தில் ஒரு பை சுற்றிவரும். டீக்கும் வாடகைக்கும் உறுப்பினர்களே பத்து, இருபது போடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களின் ஏழாவது மரபு. முதல் நாள் நீங்கள் போட வேண்டியதில்லை.

தெருக்காரர் இருந்தால்? அவரும் உங்களைப் பார்த்து அதையேதான் நினைப்பார். உள்ளே கேட்டது உள்ளேயே இருக்கவேண்டும் என்பது இருவருக்கும் பொது. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் ஸ்ரீராமபுரத்தில் பச்சை லைன் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் ஊதா லைனுக்கு மாறி, அல்சூர், இந்திராநகர் பக்கம் போய்விடலாம். ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு "எனக்கு ஒத்துவரலை" என்று முடிவு கட்டவேண்டாம். ஒரு குழுவில் வயதானவர்கள் அதிகம் இருப்பார்கள், இன்னொன்றில் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வேறொன்றில் ஐ.டி. பையன்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு குழுக்களில் இரண்டிரண்டு முறை உட்கார்ந்து பாருங்கள்.

என் வீட்டுக்காரர் தினமும் இரண்டு குவார்ட்டர். காலையில் ஒரு தொண்ணூறு போட்டால்தான் கை நிற்கும். "நாளையிலிருந்து தொடமாட்டேன், மீட்டிங் மட்டும் போறேன்" என்கிறார். விடலாமா? – வாசகி, லிங்கராஜபுரம்

கூட்டத்துக்குப் போகட்டும். ஆனால் அதற்கு முன்னால் டாக்டர். வரிசை மாறக்கூடாது.

180 மில்லி விஸ்கியில், 42.8 சதவீதம் என்று கணக்கிட்டால், சுமார் 61 கிராம் சாராயம், அதாவது ஆல்கஹால், இருக்கிறது. இரண்டு குவார்ட்டர் என்றால் 120 கிராமுக்கு மேல். வருடக்கணக்காக இவ்வளவு உள்ளே போனால், பிரேக்கைச் சாராயம் மிதித்துக்கொண்டே இருக்க, மூளை தன் பங்குக்கு ஆக்ஸிலரேட்டரை மேலும் மேலும் அழுத்திப் பழகிவிடும். ஒரே நாளில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தறிகெட்டு ஓடும். காலையில் போடுகிற அந்தத் தொண்ணூறுதான் அடையாளம். உடம்பு சாராயத்தைச் சார்ந்துவிட்டது.

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும்: இல்லாத ஆளோடு பேசுவது, சுவரில் பூச்சி ஓடுவதாகச் சொல்வது, நாள் கிழமை தெரியாமல் போவது, காய்ச்சல், படபடப்பு. இதைப் "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை விட்டவர்கள் உண்டு. உயிர் போகக்கூடிய நிலை அது. வலிப்போ பிதற்றலோ வந்தால் உடனே 108.

முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தாலோ, கல்லீரல் நோய், சர்க்கரை, இதயக் கோளாறு இருந்தாலோ வீட்டில் முயற்சி வேண்டவே வேண்டாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸில் அடிமைப் பழக்கத்துக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கும். உங்களுக்குப் பக்கம் என்றால் சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. மருந்தைச் சில நாட்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். அந்த மாத்திரையை நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தராதீர்கள். அதோடு குடியும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும்.

இன்னொன்று. தெருமுனை நர்சிங் ஹோமில் "வீக்கா இருக்கார்" என்று குளுக்கோஸ் ஏற்றிவிடுவது வழக்கம். நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். "தினமும் குடிப்பவர், தயமின் போட்டீங்களா" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் வேறு இடம் பாருங்கள்.

நான் ரம், விஸ்கி தொடுவதில்லை. சாயங்காலம் ஸ்ட்ராங் பீர் மூணு பாட்டில், அவ்வளவுதான். எனக்கெல்லாம் குழு தேவையா? – வாசகர், கோரமங்களா

650 மில்லி, 8 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலில் 41 கிராம். மூன்று பாட்டில் 123 கிராம். மேலே லிங்கராஜபுரத்து வாசகி சொன்ன இரண்டு குவார்ட்டரும் நீங்களும் ஒரே கணக்குதான்.

கூட்டம் சர்ச்சில் நடக்கிறதாம். நாங்கள் தினமும் முருகனைக் கும்பிடுகிறவர்கள். மதம் மாற்றுவார்களா? இதெல்லாம் வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் உண்டா? – வாசகர், ஓகலிபுரம்

சர்ச் இடம் மட்டும்தான் தருகிறது. மூன்றாவது, பதினொன்றாவது படிகளில் "கடவுள்" என்பதோடு "நாம் புரிந்துகொண்ட விதத்தில்" என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். முருகன் சரி, அல்லா சரி, கடவுளே வேண்டாம் என்கிறவருக்கு அந்தக் குழுவே சக்தி. பிரார்த்தனைச் சொற்கள் சிலருக்கு ஒட்டாது என்பதும் உண்மைதான். அந்த ஒரு நிமிஷம் வாயை மூடி நின்றால் போதும்.

ஆதாரம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ.யில் முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது. குடியின் அளவைக் குறைப்பது போன்ற மற்ற விஷயங்களில் ஏறக்குறைய சமம். எல்லோருக்கும் பலிக்கும் என்று அதில் யாரும் சொல்லவில்லை. டாக்டர் தரும் மருந்தும் குழுவும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. மருந்தை நிறுத்தச் சொல்கிற உறுப்பினர் அகப்பட்டால் அந்த ஒரு பேச்சை மட்டும் காதில் வாங்காதீர்கள்.

"சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், அவருக்கே தெரியாது, 15 நாளில் குடியை வெறுப்பார்" என்று ஒரு பவுடருக்கு விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா? மீட்டிங்குக்கு வா என்றால் வரமாட்டேன் என்கிறார். – வாசகி, அல்சூர்

வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பவுடர், தெரியாமல் கொடுப்பது. இரண்டுமே ஆபத்து.

குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்கிற உண்மையான மருந்து ஒன்று உண்டு, டைசல்ஃபிரம். சாராயம் உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உண்டாகி, உடனே அடுத்த பொருளாக மாறிவிடும். இந்த மாத்திரை அந்த மாற்றத்தைத் தடுக்கும், நச்சு தேங்கிவிடும். குடித்த சில நிமிஷங்களில் முகம் சிவந்து, மண்டை இடித்து, வாந்தி, படபடப்பு. சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து இதயமே தடுமாறும். அதனால்தான் கல்லீரல், இதயப் பரிசோதனை செய்து, அவரிடமே விளக்கி, சம்மதம் வாங்கித்தான் டாக்டர் எழுதுவார். கடைசிக் குடிக்குப் பிறகு 12 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். ரசத்தில் கலந்து கொடுத்துவிட்டு, அவர் வழக்கம்போல் பாருக்குப் போய் விழுந்தால், கூட இருப்பவர்களுக்கு என்ன மருந்து உள்ளே போனதென்றுகூடச் சொல்லத் தெரியாது.

டைசல்ஃபிரத்தைத் தெரிந்தே சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள், சில இருமல் சிரப்புகள், ஹோமியோபதி டிங்சர், ஷேவ் செய்தபின் தடவும் லோஷன் எல்லாவற்றிலும் சாராயம் உண்டு.

அவர் வரவில்லை என்றால் நீங்கள் போங்கள். குடிப்பவரின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற தனிக் குழு 1951-இலிருந்து இருக்கிறது. பதின்பருவப் பிள்ளைகளுக்கு அலட்டீன். அவரை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். முதல் நாள் இது பெரிய ஏமாற்றமாக இருக்கும். அவருடைய ஆபீசுக்குப் போன் போட்டுக் "காய்ச்சல்" என்று பொய் சொல்வது, வைன் ஷாப் கடனை அடைப்பது, வாந்தியைத் துடைத்துவிட்டுக் காலையில் ஒன்றும் நடக்காததுபோல் காபி கொடுப்பது, இவற்றையெல்லாம் எப்படி நிறுத்துவது என்பதுதான் அங்கே பேச்சு. ஏ.ஏ.யிலும் "ஓப்பன்" என்று குறித்த கூட்டங்களுக்குக் குடும்பத்தார் போகலாம், "குளோஸ்டு" என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர் மட்டும். பஸ்ஸில் போவீர்களானால், கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்குச் சக்தி திட்டத்தில் சாதாரண அரசு பஸ் இலவசம், ஆதாரை மறக்காதீர்கள்.

அடி உதை இருந்தால் அது குழுவில் பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல. அவசர எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181.

தம்பியை ஆள் வைத்துத் தூக்கிப்போய் ஓர் இல்லத்தில் சேர்க்கலாம் என்கிறார்கள் உறவினர்கள். சரியா? – வாசகர், விவேக்நகர்

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநலக் கோளாறுகளையும் உள்ளடக்குகிறது. மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்குமுன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றை நேரில் பார்த்துவிடுங்கள். சம்மதம் இல்லாமல் சேர்க்கவேண்டிய நிலை என்றால் மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாள்வரைதான். சங்கிலியால் கட்டுவது முழுக்கத் தடை. வண்டியில் நாலு பேர் வந்து தூக்குவதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. சேர்க்கும் முன் சமையலறையையும் கழிப்பறையையும் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள். முடியாது என்றால் அங்கே சேர்க்காதீர்கள்.

நான் பெண். ஐ.டி.யில் வேலை. ராத்திரி தனியாகக் குடிக்கிறேன். ஆண்கள் மட்டுமே இருக்கும் அறையில் போய் எப்படி உட்காருவது? – பெயர் வேண்டாம், ஒயிட்ஃபீல்டு

தயக்கம் நியாயமானது. பல குழுக்களில் பெண்கள் இருந்தால் ஒருவர், இருவர்தான். தொடர்பு எண்ணில் கேட்கும்போதே "பெண் உறுப்பினரிடம் பேசவேண்டும்" என்று சொல்லுங்கள். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும் ஆன்லைன் கூட்டங்களும் உண்டு. ஆன்லைனில் கேமராவை அணைத்துவிட்டு, பெயரை ஓர் எழுத்தாக மாற்றி, பத்து நாள் வெறுமனே கேட்கலாம். வழிகாட்டியாக இருக்கும் ஸ்பான்சர் பெண்ணாகவே இருக்கட்டும். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்பதுதான் அங்கே வழக்கம். ஆண் ஒருவர் தானாக முன்வந்து "நான் கைடு பண்றேன்" என்றால் நன்றி சொல்லி விலகுங்கள்.

நாற்பது நாள் தொடவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போன இடத்தில் மச்சான் ஊற்றினான். இப்போது மூன்று வாரமாகக் கூட்டத்துக்குப் போக முகமில்லை. – வாசகர், காக்ஸ் டவுன்

அந்த அறையில் இருக்கிறவர்களில் பலருக்கு இது நடந்திருக்கிறது, "ஸ்லிப்" என்பார்கள். போய் உட்கார்ந்து "திரும்ப ஆரம்பிச்சுட்டேன்" என்று நாலு வார்த்தை சொல்லுங்கள். நாள் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும், முதல் 24 மணி நேரத்துக்கு அடையாளமாகத் தரும் நாணயம் போன்ற வில்லையை மறுபடி கொடுப்பார்கள், கைதட்டவும் செய்வார்கள்.

இந்த மூன்று வாரமும் தினம் குடித்திருந்தால் மேலே சொன்ன டாக்டர் விஷயம் உங்களுக்கும் பொருந்தும். நாற்பது நாள் இடைவெளியில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவைப் போட்டால் முன்பைவிட மோசமாகத் தாக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தவறு தீபாவளி அன்று நடந்ததாகத் தெரியவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது ஸ்பான்சரிடம் சொன்னீர்களா? அங்கே பேச இரண்டு பேர் எண் கையில் இருந்ததா? மச்சானிடம் முன்கூட்டியே "மாத்திரை சாப்பிடுறேன், ஊத்தாதே" என்று சொல்லியிருந்தீர்களா? பொங்கலுக்கு முன்னால் இந்த மூன்றையும் செய்துவிடுங்கள். 90 நாளில் 90 கூட்டம் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வேலைக்குப் போகிறவருக்குத் தினமும் நேரில் முடியாதுதான். வாரம் மூன்று நேரில், மற்றது ஆன்லைன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் எதிரிலேயே வைன் ஷாப். எட்டரை மணி, பசி வேறு. என்ன செய்ய? – வாசகர், சிவாஜிநகர்

பசியோடு கூட்டத்துக்குப் போகாதீர்கள். ஆறு மணிக்கே ஒரு செட் தோசையோ இரண்டு வாழைப்பழமோ உள்ளே போகட்டும், பசியைக் குடியாசை என்று உடம்பு தப்பாகப் படிக்கும். முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வராமல் டீ குடித்து, நாற்காலி மடக்க உதவி, யாராவது இருவரோடு பஸ் ஸ்டாப்வரை நடங்கள். பையில் பஸ் காசு மட்டும். யு.பி.ஐ. இருக்கிற காலத்தில் அது போதாது. முதல் மூன்று மாதத்துக்குச் சம்பளக் கணக்கைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, முந்நூறு ரூபாய்க்கு மேல் வைக்காத ஒரு வாலட்டை மட்டும் விட்டுவைக்கச் சொல்கிறோம். எதிர்ச்சாரியில் நடக்காமல் பின் கேட் வழியாக வெளியேற முடியுமா என்று கூட்டம் நடத்துகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். வாட்ச்மேனிடம் சாவி இருக்கும்.